புதுப்பிப்பு: குளிர்காலக் காலையில் மட்டும் டயர் காற்று எச்சரிக்கை – தீர்ந்தது

கிருஷ்ணகிரியிலிருந்து அதிகாலையில் ஓசூர் பக்கம் வண்டியை எடுத்தால் டி.பி.எம்.எஸ். (டயர் காற்றழுத்தத்தைக் கண்காணித்து எச்சரிக்கும் கருவி) கத்துகிறது, வெயில் ஏறியதும் தானாக அடங்கிவிடுகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. "டயர் சூடாக இருக்கும்போது காற்றுப் பிடிக்காதீர்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் வேலை செய்தது.

வெப்பநிலை சுமார் 5.5 டிகிரி செல்சியஸ் இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) குறையும். மதியம் 31 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. வைத்தால், மறுநாள் காலை 15 டிகிரியில் 30தான் நிற்கும். என் கருவியின் எச்சரிக்கை எல்லை 31 பி.எஸ்.ஐ. கத்தாமல் என்ன செய்யும்! இரவு முழுக்க நின்ற வண்டியில், கிளம்பும் முன், கதவோர ஸ்டிக்கரில் உள்ள 33ஐ வைத்தேன். நெடுஞ்சாலையில் ஓடிச் சூடானதும் 36, 37 காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

எதிர்பாராதது, பின் இடது சக்கரம். அது மட்டும் தொடர்ந்து இறங்கியது. வால்வில் மூடிபோல் திருகும் வெளி சென்சார், வால்வு ஊசியை எப்போதும் அமுக்கியே வைத்திருக்கும். அப்புறம் காற்றை அடைப்பது சென்சாருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம் மட்டுமே. சோப்புத் தண்ணீர் தடவியதும் திருகின் அடியில் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. சென்சாரைக் கழற்றியதும் நின்றுவிட்டது. வளையம் மாற்றி, கையால் மட்டும் இறுக்கினேன், இப்போது கசிவில்லை.

சென்சாருக்குள் இருக்கும் சி.ஆர்.1632 பட்டன் பேட்டரியை மாற்றச் சொன்னவர்களுக்கு: பேட்டரி தளர்ந்தால் பெரும்பாலும் சிக்னல்தான் விட்டுப்போகும், அழுத்தம் குறைவாகக் காட்டாது. அதனால் அதைத் தொடவில்லை.