மறு: மறு: ‘ஃப்ரெட்டிங் கரோஷன்’ – நெருடரிப்பு எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பழைய போர்ஷே 944 கார்களின் மின் இணைப்புகளைச் சுத்தம் செய்வது பற்றிய நம் கையேட்டின் வரைவை நேற்று வீட்டில் வாய்விட்டுப் படித்தேன். ஏழாம் பத்தி இப்படி இருக்கிறது (கப்ளர் என்பது மின்கம்பிகளை இணைக்கும் செருகி): “கப்ளரைக் கழற்றிக் களிம்பை முழுவதும் நீக்கவும். பிறகு களிம்பை மெலிதாகத் தடவி மூடவும்.” கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, “எடுத்ததையே திரும்பப் பூசச் சொல்கிறீர்களா?” என்றார். செம்பில் ஏறும் பச்சைக்கும், துடைத்தபின் பூசும் சிலிக்கோன் கிரீஸுக்கும் ‘களிம்பு’ என்ற ஒரே சொல்லை வைத்ததால் வந்த குழப்பம் அது. நான்கு நாளாக இந்த இழையில் நாம் சுற்றிச் சுற்றி வருவது இதையும், தொடும் முனைகள் நுண்ணிதாக அசைந்து அசைந்து வரும் ‘ஃப்ரெட்டிங் கரோஷன்’ என்ற கேட்டுக்குத் தமிழில் என்ன பெயர் என்பதையும்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> களிம்பு என்றால் இன்று எல்லோருக்கும் மருந்துதான் நினைவுக்கு வரும். பச்சைக் கறைக்குச் ‘செம்பரிப்பு’ என்று வைத்துவிடலாம்.

ஐயா, இதற்கு மட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை. செம்பில் பூக்கும் பச்சைக்குக் களிம்பு என்பது பழைய பெயர். உயிரோடு ஆணவம் ஒட்டியிருப்பதற்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையே செம்பில் களிம்புதான். பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்த்துச் சமைத்தால் களிம்பு ஏறும் என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த விஷயம். அதற்காகத்தானே ஈயம், அதாவது வெள்ளீயம், பூசினார்கள்? இந்தக் கார் கப்ளருக்குள் இருக்கும் முனைகளைப் பாருங்கள். அடியில் பித்தளை போன்ற செப்புக் கலவை, மேலே வெள்ளீயப் பூச்சு. பாட்டியின் குண்டானும் இதுவும் ஒரே ஜாதி. பூச்சு போய் ஈரமும் உப்பும் பட்டால் இரண்டிலும் ஏறுவது ஒன்றே. குண்டானுக்கு ஒரு சொல், காருக்கு இன்னொரு சொல் எதற்கு?

நான் இருக்கும் ஜெர்மனியில் இரும்புக்கு ரோஸ்ட், செம்புக்கு க்ரூன்ஷ்பான் என்று தனித்தனியாகவே சொல்கிறார்கள். நம்மிடமும் துரு, களிம்பு என்று அதே பிரிவு தயாராக இருக்கிறது. அதைக் கைவிட்டுவிட்டு எல்லாவற்றையும் ‘அரிப்பு’ என்ற ஒரே பைக்குள் போட வேண்டாம்.

அப்படியானால் சொல்லை விட்டுக்கொடுக்க வேண்டியது சிலிக்கோன் கிரீஸ்தான். ‘மின்கடத்தாக் களிம்பு’ என்று வரைவில் எழுதியவனே நான், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மசகு என்ற சொல் இருக்கும்போது களிம்புக்கு ஏன் போனேன் என்று தெரியவில்லை. ‘காப்பு மசகு’ போதும். மின்னைக் கடத்தாதது, ஈரத்தையும் காற்றையும் உள்ளே விடாதது என்ற இரண்டு பொருளும் ‘காப்பு’ என்பதில் வந்துவிடுகிறது. கடத்தாத பொருளை இணைப்பில் தடவினால் மின்சாரம் எப்படிப் போகும் என்று கேட்டிருந்தீர்கள். முனைகள் இறுக்கமாகத் தொடும் புள்ளியில் மசகு நசுங்கி விலகிவிடும்; சுற்றிலும் தங்கி அடைத்துக்கொள்ளும். மெலிதாகத் தடவச் சொல்வது அதனால்தான்.

சரி, இப்போது உண்மையான சிக்கலுக்கு வருகிறேன்.

944-இல் எந்திரத்தின் பின்புறம், தடுப்புச் சுவரை ஒட்டி, கை நுழையச் சிரமப்படும் இடத்தில் ஒரு தகட்டில் இரண்டு கப்ளர்கள் இருக்கும். ஒன்று எந்திரத்தின் வேகத்தைச் சொல்லும் உணரிக்கு, மற்றது சுழற்சியின் நிலையைச் சொல்லும் உணரிக்கு. இரண்டும் பார்க்க அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிச் செருகிவிட்டால் வண்டி கிளம்பாது. அதனால் கழற்றும் முன்பே ஒன்றில் வண்ண நாடா சுற்றிவிடுவது என் வழக்கம். (கையேட்டில் இது தடித்த எழுத்தில் வர வேண்டும்.)

என் வண்டி 1987-இல் செய்தது. இரண்டு வருடம் முன்பு, சூடானதும் திடீர் திடீரென்று நின்றுபோகத் தொடங்கியது. ஒரு பட்டறையில் விட்டேன். ‘லூஸ் காண்டாக்ட்’ என்று நாம் சொல்வோமே, அதையே அவர்களும் சொல்லி, கப்ளர் முனைகளை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தார்கள். ஒரு கோடைக்காலம் நன்றாக ஓடியது. குளிர்காலம் கழித்து மறுபடி அதே தொல்லை. இந்த முறை நானே கழற்றிப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தேன். உப்புத்தாள் தேய்த்ததில் முனைகளில் வெள்ளீயமே இல்லை, செம்மஞ்சள் உலோகம் வெளியே தெரிந்தது, அதன் ஓரமெல்லாம் பச்சை. இது களிம்பு. சந்தேகமே இல்லை.

பிறகு, பட்டறையின் கை படாத பக்கத்துக் கப்ளரைக் கழற்றினேன். அங்கே பச்சை ஒரு துளிகூட இல்லை. ஈயப் பூச்சு சாம்பல் நிறத்தில் ஒழுங்காக இருந்தது. ஆனால் எதிர் முனையின் வில் வந்து தொடும் இடத்தில் மட்டும், ஊசியால் குத்தியதுபோல ஒரு கரும்புள்ளி. ஒவ்வொரு முனையிலும் அதே இடத்தில், அதே அளவில். வண்டியை முதலில் நிறுத்தியது அந்தப் புள்ளி போன்ற ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஃப்ரெட்டிங் கரோஷன் என்பது இதுதான்; நமக்குச் சொல் இல்லாததும் இதற்குத்தான்.

அது எப்படி வருகிறது என்பதைச் சொன்னால் சொல்லும் கிடைத்துவிடும். வெள்ளீயம் மெத்தென்ற உலோகம். அதன்மேல் எப்போதும் மெல்லிய, கெட்டியான ஆக்சைடு ஏடு படிந்திருக்கும். கப்ளரைச் செருகும்போது அந்த ஏடு உடைந்து ஈயத்தோடு ஈயம் தொடுகிறது. இணைப்பு பிரமாதமாக இருக்கிறது. பிறகு எந்திரத்தின் அதிர்வாலும், சூடாகி ஆறும்போது விரிந்து சுருங்குவதாலும் முனைகள் ஒன்றின்மேல் ஒன்று முன்னும் பின்னும் நகர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத நகர்வு, சில மைக்ரோமீட்டர் முதல் சில பத்து மைக்ரோமீட்டர் வரைதான். ஒவ்வொரு நகர்விலும் கொஞ்சம் புது ஈயம் வெளியே வருகிறது, காற்றுப் பட்டு ஆக்சைடாகிறது, அந்தத் துகள் அங்கேயே நசுங்கிச் சேர்கிறது. வருடக்கணக்கில் இது நடந்தால் தொடும் புள்ளியே மின்சாரத்தைத் தடுக்கும் மேடாகிவிடுகிறது. கழற்றிச் செருகினால் மேடு துடைபட்டுக் கொஞ்ச நாள் சரியாகும்; அப்புறம் திரும்ப வரும். தண்ணீருக்கும் உப்புக்கும் இதில் வேலையே இல்லை.

> உராய்வரிப்பு / அதிர்வரிப்பு / தேய்வரிப்பு – மூன்றில் எது?

உராய்வு என்றதும் நீளமாக இழுத்துத் தேய்ப்பது மனதில் வருகிறது; உப்புத்தாள் செய்ததும் உராய்வுதான். அதிர்வு காரணத்தில் பாதி மட்டுமே, சூடேறி ஆறும் வண்டியில் அதிர்வே இல்லாமலும் இது வரும். தேய்வரிப்பு அவற்றைவிடப் பரவாயில்லை. ஆனால் இதில் உலோகம் தேய்ந்து போவதல்ல தொல்லை, தேய்ந்த துகள் போகாமல் அங்கேயே இருப்பதுதான்.

நான் முன்வைப்பது ‘நெருடு’ என்ற வினை. திரியை நெருடுகிறோம், நூல் முனையை ஊசியில் கோக்கும் முன் விரலிடையில் நெருடுகிறோம். இடம் மாறாமல், சிறிய அசைவில், ஒன்றோடொன்று அழுத்திக்கொண்டு முன்னும் பின்னும் போவது என்ற அத்தனையும் அந்த ஒரு வினையில் இருக்கிறது. நெருடு + அரிப்பு = நெருடரிப்பு. உகரம் கெட்டு இயல்பாகப் புணர்கிறது, வாயிலும் தடுக்கவில்லை. ஜெர்மன் மொழியில் இதை ரைப்கொரோசியோன் என்பார்கள். தேய்ப்பது என்ற அன்றாட வினையை வைத்தே அவர்களும் கட்டியிருக்கிறார்கள்.

> நெருடல், அரிப்பு இரண்டும் சேர்ந்தால் தோல் நோய் மாதிரி ஒலிக்கிறதே?

அம்மா, நியாயமான கேள்வி. ஆனால் மண்ணரிப்பு, கடலரிப்பு என்று படிக்கும்போது யாருக்கும் தோல் நினைவுக்கு வருவதில்லை. முன்னால் நிற்கும் சொல் பொருளைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. கப்ளர் பற்றிய கையேட்டில் அந்தக் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

களிம்பு, நெருடரிப்பு இரண்டையும் பிரித்துச் சொல்வதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் வைத்தியம் வேறு வேறு என்பதே. களிம்பு கண்டால் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தேட வேண்டும். ரப்பர் உறையைப் பார்க்க வேண்டும். கம்பியின் உறைக்குள்ளும் பச்சையோ கருப்போ ஏறியிருந்தால் பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டிப் புது முனை போட வேண்டும். நெருடரிப்பு என்றால் மின் இணைப்புகளைத் துடைக்கும் தெளிப்பானும் நைலான் தூரிகையும் போதும். அதோடு எதிர் முனையின் வில் தளர்ந்திருக்கிறதா என்று தனி முனை ஒன்றைச் செருகிப் பார்த்து, தளர்ந்திருந்தால் மாற்ற வேண்டும். இரண்டிலும் உப்புத்தாள் கூடாது. புளி, எலுமிச்சை, வினிகரும் கூடாது, பாத்திரம்போல அலம்பிவிட முடியாதே.

ஏழாம் பத்தியை இப்படி மாற்றலாமா?

“பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுக் கப்ளரைக் கழற்றவும். பச்சை தெரிந்தால் அது களிம்பு: பத்தி 9 பார்க்கவும். பூச்சு நன்றாக இருந்து, தொடும் இடத்தில் மட்டும் கரும்புள்ளி இருந்தால் அது நெருடரிப்பு: தெளிப்பானால் நனைத்து, தூரிகையால் துடைத்து, உலரவிட்டு, காப்பு மசகை மெலிதாகத் தடவி மூடவும். எரிபொருள் பம்பு, விளக்கு போன்ற இணைப்புகளில், மின்னோட்டம் ஓடும்போது கப்ளரின் இருபுறமும் அளந்து, இழப்பு 0.1 வோல்ட்டைத் தாண்டினால் முனையை மாற்றவும்.”

கடைசியாக, கப்ளரா இணைப்பானா? தலைப்பில் இணைப்பான் இருக்கட்டும். உள்ளே கப்ளர் என்றே எழுதுவோம். ஊரில் வண்டி வயரிங் பார்ப்பவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள்.

நெருடரிப்புக்கு மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். லென்ஸ் வழியாக எடுத்த படங்கள் இரண்டை, ஒன்று களிம்பு, ஒன்று கரும்புள்ளி, சனிக்கிழமை அனுப்புகிறேன். கரும்புள்ளி சரியாக விழவில்லை என்றால் மறுபடி கழற்றி எடுக்கிறேன்.

அன்புடன்.