திருச்சி – வாரணாசி விமானத்தில் உண்மையில் எவ்வளவு நேரம்?

தேவகோட்டைக்காரன்:
ஆத்தாளையும் அப்பச்சியையும் (அம்மா, அப்பா) தை மாதம் காசிக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறோம். இத்தனை தூரம் ரயிலில் போக அப்பச்சிக்கு முழங்கால் இடம் கொடுக்காது. ஒரு தளத்தில் திருச்சி – வாரணாசி இரண்டரை மணி நேரம் என்று போட்டிருக்கிறான், டிக்கெட் பார்க்கப் போனால் எட்டு மணி நேரம், பதினொரு மணி நேரம் என்று வருகிறது. எதை நம்புவது? மதுரையில் ஏறினால் குறையுமா?

விமானப்பித்தன்:
அந்த இரண்டரை மணி வெறும் கணக்கு. வான்வழியில் நேர்கோடு போட்டால் சுமார் 1,690 கி.மீ., ஜெட் விமானம் மணிக்கு 830 கி.மீ. என்று வகுத்து, ஏற இறங்க, ஓடுதளத்தில் ஊர அரை மணி சேர்த்தால் வந்துவிடும். கணக்கு தப்பில்லை, நேர் விமானம்தான் இல்லை.

சென்னையில் மாறினால் 295-உம் 1,415-உம் சேர்ந்து ஏறக்குறைய 1,710. அதாவது சுற்று இருபது கிலோமீட்டர்தான்! பெங்களூரு வழி 1,760 வரும். மும்பை வழி என்றால் 2,350-ஐத் தாண்டும், விலை குறைவாகக் காட்டினாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். மற்றபடி நேரத்தைத் தின்பது நடுவில் காத்திருப்பதுதான். இதே திருச்சியிலிருந்து கோலாலம்பூர் 2,690 கி.மீ., நேர் விமானம் இருப்பதால் நாலு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். நம்மவர்கள் கொண்டுவிக்க (கடல்கடந்து தொழில் செய்ய) போன ஊர் கிட்டத்தில், காசி தூரத்தில்!

புதுவயல் ஆச்சி:
தம்பி, இரண்டு விமானத்தையும் ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) போடுங்கள். காசு மிச்சம் என்று தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமானதும் அடுத்த டிக்கெட் போச்சு, யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், பெட்டியையும் சென்னையில் எடுத்து மறுபடி போட வேண்டும். நடுவில் இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும், அப்பச்சிக்குச் சக்கர நாற்காலி டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, தை மாதம் அங்கே பனிமூட்டம். காலை விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திருப்பிவிடுவதும் உண்டு, அதனால் மத்தியானத்துக்கு மேல் போய்ச் சேருகிற மாதிரி பாருங்கள். விமான நிலையம் பாபத்பூரில், ஊருக்குள் வர 25 கி.மீ., நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோதௌலியா நாற்சந்திப் பக்கம் வண்டி நின்றுவிடும், நம் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்துக்குச் சந்துக்குள் நடைதான். அவர் முழங்காலுக்கு விமானத்தைவிட அந்தச் சந்துதான் சோதனை, சைக்கிள் ரிக்‌ஷா எதுவரை போகும் என்று சத்திரத்தில் முன்னமே போன் பண்ணிக் கேளுங்கள்.

தேவகோட்டைக்காரன்:
நன்றி ஆச்சி. அப்போ மதுரை வேண்டாமா?

கானாடுகாத்தான்:
மதுரை – வாரணாசி நேர்கோட்டில் 1,810 கி.மீ., நேர் விமானம் அங்கேயும் கிடையாது. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருப்பதால் ஊருக்குள் நுழையாமலே போய்விடலாம், மதுரையில் ஊரைச் சுற்றித் தெற்கே போகணும். (உலகப்போர் காலத்து ஓடுதளம் ஒன்று நம் செட்டிநாட்டிலேயே கிடக்கிறது, யார் கேட்கிறார்கள்!) நானாக இருந்தால் திருச்சியில் காலையில் ஏறி, சென்னையில் மாறி, சாயங்கால சம்போவை (நம் சத்திரத்திலிருந்து விசுவநாதர் கோயிலுக்குப் பூஜைப் பொருள் எடுத்துப் போகும் ஊர்வலம்) பார்க்க அவசரப்படாமல் மறுநாளைக்கு வைத்துக்கொள்வேன்.