குடத்தாளத்தில் ஒரு ஹிப்-ஹாப் பாட்டு: பதிவும் வீடியோவும்

தேரிக்காட்டான்:
பனையேறியாக இருந்த என் தாத்தாவைப் பற்றி ஒரு ராப் பாட்டு எழுதியிருக்கிறேன். எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் போனில் பதிவுசெய்த வில்லுப்பாட்டிலிருந்து இருபது விநாடிக் குடத்தாளத்தை (மண்குடத்தில் அடிக்கும் தாளத்தை) வெட்டி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பாட நினைத்தேன். ஆனால் தாளம் கணினி சீராகத் தட்டிக்காட்டும் கிளிக் ஒலிக்கு நிற்காமல் முந்தி ஓடுகிறது. வீடியோவைத் தேரி எனும் செம்மணல் மேட்டிலும், திருநெல்வேலித் தாமிரபரணிக் கரையின் குறுக்குத்துறைப் படித்துறையிலும் எடுக்க ஆசை. கையில் ஒரு கேமராதான் உள்ளது. எதிலிருந்து தொடங்குவது?

குடக்காரர் மகன்:
தம்பி, நீங்கள் வெட்டிய துண்டில் பிழை இல்லை. சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டு நெருங்க நெருங்க, சாமியாடி எழும்பும் வேகத்துக்குக் குடமும் உடுக்கையும் ஏறிக்கொண்டேதான் போகும். அதை இழுத்துச் சமப்படுத்தினால் ஓசை செத்துவிடும். எனவே வில்லிசைக் குழு ஒன்றை அழைத்து, நிமிடத்துக்கு 92 அடி என்று வைத்து, குடம் அடிப்பவரின் ஒரு காதில் மட்டும் கிளிக் கேட்கும்படி செய்து புதிதாகப் பதிவு செய்யுங்கள். என் தந்தை குடம் அடித்தவர். மட்டை குடத்தின் வாயில் விழும்போது ‘தும்’ என்று காற்று வெளியே வரும். மறு கையிலுள்ள காசு பக்கத்தில் ‘கிண்’ என்று தட்டும். இரண்டுக்கும் தனித்தனி மைக் வேண்டும், ஏனென்றால் அந்தத் ‘தும்’ ஒலியும், ரோலண்ட் நிறுவனம் 1980இல் கொண்டுவந்த 808 என்ற மின்னணு டிரம் கருவியின் கிக் (பெரிய டிரம்) ஒலியும் ஒரே தாழ்ந்த சுருதியில் மோதும். நானாக இருந்தால் குடத்தை வைத்துக்கொண்டு 808ஐக் குறைப்பேன். பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவதையும் விட்டுவிடாதீர்கள். ராப் மேடையில் உடன் நிற்பவர் வரியின் கடைசிச் சொல்லை எடுத்துக் கொடுப்பதும் அதே வேலைதான்.

புதிதாக வாசித்தாலும் பாட்டு, வில்லிசைக் குழுவின் தலைமைப் பாடகரான புலவருடையதே. 1979இல் ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்ற அமெரிக்க ராப் பாட்டுக்காக, சிக் என்ற டிஸ்கோ குழுவின் ‘குட் டைம்ஸ்’ பேஸ் இசையை வேறு கலைஞர்கள் ஸ்டுடியோவில் திரும்ப வாசித்தார்கள். ஆனாலும் நைல் ராட்ஜர்ஸ், பெர்னார்டு எட்வர்ட்ஸ் ஆகிய ‘குட் டைம்ஸ்’ பாட்டை எழுதிய இருவரின் பெயர்களையும் பின்னர் சேர்க்க வேண்டியதாயிற்று. சம்பளத்தையும் பெயரையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கல்யாண கேமரா:
பாட்டின் கலவை முழுவதும் முடிவதற்கு முன் கேமராவைத் தூக்காதீர்கள். ஆனி மாதக் காற்றில் தேரிக்குச் சிறிய ஸ்பீக்கரோடு போய், பாடியவனுக்குப் பாட்டே கேட்காமல், உதடு ஒட்டாத ஒரு நாள் படப்பிடிப்பை நான் அப்படியே அழித்திருக்கிறேன். பெரிய ஸ்பீக்கர் கொண்டுபோங்கள். காலை ஏழு மணிக்குள் எடுத்தால் செம்மண் நன்றாகச் சிவந்து தெரியும். மண் பறப்பதை ஸ்லோ மோஷனில் காட்டி, உதடும் சரியாக ஒட்ட வேண்டுமானால், விநாடிக்கு 50 பிரேம் வைத்து, பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு வாயசைத்து, பிறகு அதை 25 பிரேமில் ஓட்ட வேண்டும். பல்லவிக்கு இது சரிவரும். ராப் வரிகளை இரட்டை வேகத்தில் எந்த நாக்காலும் சொல்ல முடியாது, ஆகவே அவற்றைச் சாதாரண வேகத்திலேயே எடுங்கள்.

தேரிக்காட்டான்:
மிக்க நன்றி அண்ணாச்சிமாரே. தாத்தா பனம்பாளை சீவிய பாளை அரிவாள் வீட்டில் இருக்கிறது. அதைத் தீட்டும் ஓசையை டிரம் செட்டின் ஜோடித் தட்டான ஹை-ஹாட்டுக்குப் பதிலாக வைக்கலாமா?

குடக்காரர் மகன்:
தாராளமாக வைக்கலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தீட்டுபலகைக்கு ஒரு சாண் தூரத்தில் மைக்கை வைத்து, நீளமாக இழுப்பதையும் குறுக்காக இழுப்பதையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள்.