மூன்றடி ஃபைகஸ் போன்சாய்: விண்பதியம் போட்டும் வேர் வரவில்லை

மொட்டைமாடி:
ஏழு வருடமாக வளர்க்கும் ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா, ஆல் இன மரம். மூன்றடி உயரம், முதல் இரண்டடி வெறும் தண்டு, உச்சியில்தான் இலை. போன்சாய் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். ஒட்டடைக் கம்பு போல நிற்கிறது. விண்பதியம் போட்டு, அதாவது மரத்தில் இருக்கும்போதே தண்டில் வேர் விடவைத்து, பிறகு வெட்டி மேல்பகுதியைத் தனி மரமாக்கிவிட்டு, அடிப்பகுதியைக் குட்டையாக வளர்க்க நினைத்தேன். அரை அங்குலம் பட்டையை வளையமாக உரித்து, ஈரத் தென்னைநார்க் கழிவு வைத்துக் கறுப்புப் பிளாஸ்டிக் தாளால் கட்டினேன். ஆறு வாரம் கழித்து நேற்றுப் பிரித்தால் ஒரு வேர்கூட இல்லை. உரித்த இடத்தைப் புதுப் பட்டை மூடியிருக்கிறது. இலைகளோ பச்சையாகவே இருக்கின்றன. எங்கே தவறினேன்?

ஆலம்விழுது:
இலை வாடாது. தண்ணீர் உள்கட்டை வழியாக ஏறிக்கொண்டுதான் இருக்கும். இலை தயாரிக்கும் சர்க்கரை பட்டை வழியாக இறங்குகிறது. அது உரித்த வளையத்தின் மேல் விளிம்பில் தேங்கினால்தான் அங்கே வேர் விடும். உங்கள் மரம் புதுப் பட்டையால் பாலம் கட்டிக்கொண்டது, சர்க்கரை தேங்காமல் இறங்கிவிட்டது. தண்டு என்ன தடிமன்? உரித்தபின் கட்டையைச் சுரண்டினீர்களா?

மொட்டைமாடி:
ஒன்றரை அங்குலம். சுரண்டவில்லை. வழவழவென்று சுத்தமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஆலம்விழுது:
அந்த வழவழப்புதான் வினை! புதுப் பட்டையை உண்டாக்கும் கேம்பியம் அதுதான். இந்த முறை இரண்டு அங்குலம் உரித்து, வழவழப்பு போய்க் கட்டை சொரசொரப்பாகும்வரை கத்தியால் சுரண்டுங்கள். வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். மேல் விளிம்பில் வேரூக்கித் தூள் தடவி, ஈரம் தாங்கும் ஸ்பேக்னம் பாசியை நனைத்துப் பிழிந்து வைத்துக் கட்டுங்கள். தாள் கண்ணாடி போல இருக்கட்டும். பிரிக்காமலே வேர் தெரியும். வெயில் படாமல் மேலே ஒரு துணி போதும். நாலு வேர் தெரிந்ததும் அறுத்துவிடாதீர்கள், பாசி முழுக்கப் பரவட்டும்.

செம்மண்:
இவ்வளவு பாடு எதற்கு? வெட்டிப் போத்தாக நட்டால் ஃபைகஸ் தானே வேர் விடுமே.

ஆலம்விழுது:
விடும். ஆனால் பெரும்பாலும் ஒரு பக்கமாகக் கிளம்பும். பதியத்தில் வளையத்தைச் சுற்றிலும் வேர் வர வாய்ப்பு அதிகம். போன்சாய்க்கு முகமே மண்மேல் தெரியும் அந்த அடிவேர்தான்.

மொட்டைமாடி:
மேல்பகுதியைப் பிரித்தபின் அடியில் நிற்கும் மொட்டைக் கட்டை பிழைக்குமா?

ஆலம்விழுது:
பழைய இலைத் தழும்புகளில் துளிர்க்கும். இலை இல்லாத மரம் அதிகம் குடிக்காது, தண்ணீரைக் குறையுங்கள். ஆறு அங்குல உயரத்தில் நல்ல துளிர் ஒன்று தடித்ததும், அதை ஒட்டி மேலே தண்டைச் சாய்வாக வெட்டி, துளிரைக் கம்பி சுற்றி நிமிர்த்துங்கள். அதுதான் புது உச்சி. இப்போதே பதியத்துக்குக் கீழே துளிர் வந்தால் கிள்ளாதீர்கள். மேலிருந்து சர்க்கரை நின்றபின் அடிவேருக்குச் சோறு போடுவது அதுதான்.

மொட்டைமாடி:
இரண்டு வந்திருந்தன. உருவம் கெடுகிறதே என்று போன வாரம்தான் கிள்ளி எறிந்தேன். இன்னும் ஒரு கணு வீங்கியிருக்கிறது. கை வைக்க மாட்டேன்.