ரச் பனலும் அம்மாவும், பிழை ஆரில?

குரும்பட்டி:
எங்கட பழைய வோஷிங் மெஷின் சித்தி ஜெர்மனியில இருந்து அனுப்பினது, எழுத்து முழுக்க ஜெர்மன், ஆனா அம்மா பதினைஞ்சு வருசம் ஒரு சொல்லும் வாசிக்காம ஓட்டினவ. வட்டத்தை மூண்டு 'டக்' கேக்குமட்டும் திருப்புறது, பட்டனை அமத்துறது, அவ்வளவுதான். இப்ப ரவுணில புதுசு எடுத்தம், வழுவழு எண்டு ரச், எழுத்து இங்கிலிஷ், அது அம்மாக்கு வாசிக்கவும் தெரியும், எண்டாலும் மூண்டு மாசமா ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிடுறா. நான் சொல்லுறன் மெஷினைச் செய்தவன்ர பிழை.

தட்டிவான்:
பழசுக்கும் அம்மா எத்தினை நாள் மினக்கெட்டிருப்பா, அது உமக்கு மறந்து போச்சு. என்ர மருமகள் ஏழு வயசு, ரெண்டு தரம் பாத்திட்டுப் போடுறாள். எல்லாம் பழக்கம். பட்டன் கூடினா தலைதான் வெடிக்கும், ஏழு சாமான், கூடக்குறைய ரெண்டு, அவ்வளவுதான் ஒரே நேரம் தலையில நிக்கும் எண்டு மில்லர் எண்ட உளவியல்காரர் 1956லயே எழுதினவர்.

வடலி:
மில்லர் சொன்னது தலைக்குள்ள பிடிச்சு வைக்கிற விசயம் அண்ணை. பட்டன் கண்ணுக்கு முன்னால கிடக்கேக்க அதை ஏன் பிடிச்சு வைப்பான்? மெனுவுக்குள்ள ஒளிச்சு வைச்சாத்தான் அந்தக் கரைச்சல். எங்கட காஸ் குக்கரில நாலு அடுப்பு சதுரமா இருக்கு, திருகி நாலும் ஒரே வரியில, இண்டைக்கும் நான் பிழையானதைத்தான் திருகுறன். திருகியையும் சதுரமா வைச்சிருந்தா படிக்கவே ஒண்டுமில்லை.

செம்பாட்டான்:
புதுசு படிக்கிறதை விட பழசை மறக்கிறதுதான் கஸ்ரம். என்ர மோட்டச்சைக்கிள் எல்லாக் கியரும் முன்னுக்கு மிதிக்கிறது, மச்சான்ர ஒண்டு கீழ, மிச்சம் மேல. மச்சான்ரயில போய் மானிப்பாய் றோட்டில ஒரு பஸ்ஸை முந்தேக்க மூண்டில இருந்து நாலு எண்டு மிதிச்சன், ரெண்டில விழுந்து பின்சில்லு இழுத்துது பாருங்கோ, கடவுளே. மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியேல்ல.

வடலி:
2017இல சிங்கப்பூருக்குக் கிட்ட ஜோன் எஸ் மக்கெயின் எண்ட அமெரிக்கக் கடற்படைக் கப்பல் எண்ணெய்க் கப்பலோட மோதி 10 பேர் செத்தவை. சுக்கான் கட்டுப்பாடு ரச் ஸ்கிரீனில வேற இடத்துக்கு மாறினது அங்க நிண்டவைக்கே விளங்கேல்ல. 2019இல திரும்பக் கையால தள்ளுற லீவர் வைக்கப் போறம் எண்டு அறிவிச்சவை.

தட்டிவான்:
விசாரணை அறிக்கையில பயிற்சி காணாது எண்டும் இருக்கு, அதை ஏன் விட்டனீர்? கப்பலையும் உடுப்புத் தோய்க்கிறதையும் ஒண்டாக்காதையும். பனலில ஸ்ரிக்கர் பொட்டு ஒண்டு ஒட்டிவிடும், பட்டன் வந்திடும்.

குரும்பட்டி:
ஒட்டினவ அண்ணை, சிவப்புப் பொட்டு. ஆனா அதே இடம் ஒருக்கா தண்ணி அளவு, ஒருக்கா நேரம், பொட்டு என்ன செய்யும்? இப்ப கனநேரம் அமத்திப் பிடிச்சதில பூட்டுப் படம் ஒண்டு வந்து நிக்குது, ஒண்டுக்கும் அசையுதில்லை, உடுப்பு உள்ளுக்க.

தட்டிவான்:
அது சைல்ட் லொக். ஒரு பட்டனை மூண்டு செக்கன் அமத்திப் பிடியும்.

குரும்பட்டி:
எந்தப் பட்டனை?

தட்டிவான்:
பொறும், மருமகளைக் கேட்டுச் சொல்லுறன்.