மன்னார் காற்றாலை மனு: இரண்டு வரி சேர்க்க வேண்டும்

அன்பின் உறவுகளுக்கு வணக்கம்.

ரொறன்ரோ அண்ணா அனுப்பிய மனுவை நேற்றிரவு வேலை முடிந்து வந்து வாசித்தேன். மன்னார்த் தீவுக்குள் இனி ஒரு காற்றாடியும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். நான் கையெழுத்துப் போடுகிறேன். மத்திய ஆசியாவில் இருந்து வரும் வலசைப் பறவைகள் வந்து இறங்கும் இடம் அது. பக்கத்து வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்ததும் அதனால்தான். தை மாதம் மன்னார்ப் பாலத்தால் போகும்போது பஸ் யன்னலால் பார்த்த பூநாரைகள் நினைவிருக்கும்: தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு, எழும்பும்போது முழுக் கோடும் சிவக்கும்.

ஆனால் மனுவில் ஒரு குறை. இனி வரப்போவதை மட்டும்தான் அது பேசுகிறது. தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலையின் 30 காற்றாடிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 103.5 மெகாவாட், மின்சார சபையின் திட்டம். அதை யாரும் கழற்றப் போவதில்லை, கழற்றச் சொல்லி நானும் கேட்க மாட்டேன். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், காற்று நம் கரையில் அடிக்கிறது. சரி, அந்தக் கரையில் கரைவலை இழுக்கிற சனத்துக்கு அதில் என்ன பங்கு என்று நாம் கேட்க வேண்டாமா?

நான் இருக்கிற டென்மார்க்கில், கோபன்ஹேகன் கடலில் 2000ஆம் ஆண்டு எழும்பிய மிடில்குருண்டன் காற்றாலையில் பாதி, 8,000 பேருக்கு மேல் சேர்ந்த கூட்டுறவுச் சங்கத்தின் சொத்து. 2008இல் இங்கே வந்த சட்டம், புதுக் காற்றாலையின் பங்கில் 20 சதவீதத்தையாவது அக்கம்பக்கத்துச் சனத்துக்கு விற்க முன்வர வேண்டும் என்றது. ஸ்கொட்லாந்தில் மெகாவாட்டுக்கு வருடம் 5,000 பவுண் ஊருக்குக் கொடுக்கச் சொல்லி அரசாங்கம் வழிகாட்டியிருக்கிறது. கட்டாயமில்லை, ஆனாலும் பல ஊர்களுக்குக் கிடைக்கிறது. அந்தக் கணக்கில் நம்முடைய 103.5 மெகாவாட்டுக்கு வருடம் 517,500 பவுண். அதில் பத்தில் ஒன்று வந்தாலே வடிகால் வேலையைத் தொடங்கலாம்.

வடிகால் என்று சும்மா சொல்லவில்லை. போன கார்த்திகையில் அக்கா வட்ஸ்அப்பில் வளவைக் காட்டினா. மழை விட்டு மூன்று நாள், முழங்கால் தண்ணீர். கிணற்றுக்கட்டின் விளிம்பு மட்டும் தெரிகிறது. குசினி அடுப்பை மேசைக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறா. காற்றாடிகளுக்குப் போக மண் போட்டு உயர்த்திய பாதைகள் தண்ணீர் போகிற வழியை மறித்துவிட்டன என்று ஊரில் சொல்கிறார்கள். எது எங்கே மறிக்கிறது என்று அளந்து காட்டும் ஒரு வரைபடம் எங்கள் ஊர்ச் சனத்தின் கையில் இல்லை. 2025இல் காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் நகரில் சனம் வீதிக்கு வந்தபோது பேசியதிலும் இந்தத் தண்ணீர்ப் பிரச்சினை இருந்தது.

அதனால் அண்ணா, இந்த இரண்டையும் சேருங்கள். நிற்கிற காற்றாலையின் வருமானத்தில் இருந்து வருடாவருடம் ஒரு தொகை தீவுக் கிராமங்களுக்கு வர வேண்டும், அதை மீனவர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து கையாள வேண்டும். அப்புறம், வடிகால் வரைபடமும் பறவைச் சாவுக் கணக்கும் பிரதேச செயலகத்தில் தமிழில் பார்வைக்கு இருக்க வேண்டும். மின்கம்பியில் மோதிச் சாகிற பறவையையும் அதில் எண்ண வேண்டும்.

அக்கா வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருக்கிறது. தைக்கு ஊருக்குப் போகிறவர்கள் அளவுநாடா கொண்டுபோய், நாலு ஒழுங்கையிலும் அந்தக் கோட்டை அளந்து படம் எடுத்து அனுப்புங்கள். மனுவோடு இணைப்போம்.