"அம்மாவைக் கேட்டுச் சொல்லுறன்" – தாயும் மகனும், நடுவில கலியாணமும்: உங்கட அனுபவங்களையும் எழுதுங்கோ

வெள்ளவத்தைக்காரி:
கத்திக் குழறுற மாமியைப் பற்றி இல்லை இது. நான் கட்ட இருந்தவரின்ர அம்மா என்னை ஒருநாளும் வேண்டாம் எண்டு சொன்னதேயில்லை. வீட்டுக்குப் போனால் ரோல்ஸ் பொரிச்சுத் தருவா, "பிள்ளை நல்லா மெலிஞ்சு போனாய்" எண்டுவா. ஆனால் கலியாண எழுத்துக்கு நாள் பார்க்கிற கதை எடுத்தால் அண்டைக்கே பிரஷர் ஏறும். மரைன் டிரைவில நடந்துகொண்டிருக்கேக்க ஃபோன் வரும்: "தம்பி, அந்த மஞ்சள் குளிசை காலமையோ, இரவோ?" வருசக்கணக்காப் போடுற குளிசை!

மனுசியில முழுப் பிழை சொல்லவும் எனக்கு மனம் வராது. தகப்பன் கட்டாரில. சண்டைக் காலத்தில யாழ்ப்பாணத்தில இருந்து வந்து இஞ்ச கொழும்பில இருந்த ஆக்களுக்குத் தெரியும், வீட்டில ஆரார் இருக்கினம் எண்டு பொலிஸில பதிஞ்சு வைக்கோணும். அம்மாவுக்குச் சிங்களம் வராது. பள்ளிக்கூட வெள்ளை உடுப்போட பெடியன்தான் ஸ்டேஷன் மேசைக்கு முன்னால நிண்டு கதைச்சது. பாங்க், கரண்ட் பில், வீட்டுக்காரரோட சண்டை, எல்லாத்துக்கும் அவன்தான். பத்து வயசில புருசன்ர வேலையைப் பார்த்த பிள்ளையை, முப்பதில இன்னொருத்தியிட்டக் குடு எண்டால் தாய் லேசில குடுப்பாவோ?

எனக்கு மனம் விட்டுப்போனது அவவால இல்லை, இவரால. எதைக் கேட்டாலும் "அம்மாவைக் கேட்டுச் சொல்லுறன்." கடைசியில, "நீ ஒருக்கா அம்மாவோட கதையன், நீ சொன்னால் அவ கேப்பா" எண்டார். தாயிட்டத் தான் சொல்லவேண்டியதை என்ர வாயால சொல்லுவிக்கப் பார்க்கிறார்! விலத்தியிட்டன். ரெண்டு பேரும் இப்பவும் அதே ஃபிளாட்டிலதான்.

தெகிவளை மருமகள்:
எங்கட ஊர் வழக்கத்தில வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான் சீதனமாப் போகும், மாப்பிளைதான் அங்க போய் இருப்பார். அம்மம்மா காலத்தில மகனைப் பார்க்க மாமி மருமகள் வீட்டு வாசலுக்கு வரவேணும். கொழும்பு ஃபிளாட் விலையில எல்லாம் தலைகீழ். என்ர மனுசனும் மாமியும் இருந்த ரெண்டு அறைக்குள்ள நான்தான் போய் இறங்கினது.

நடுச்சாமத்தில கதவு தட்டுப்படும். "தம்பி, கால் இழுக்குது." இவர் எழும்பிப் போவார். சண்டை பிடிச்சுப் பார்த்தன், பலனில்லை. பிறகு தட்டின உடன நானே தைலப் போத்தலோட போய் நிண்டன். கிழமை முடிய முன்னம் கால் சுகம்! வெள்ளிக்கிழமை மயூரபதி அம்மன் கோயிலுக்கு மட்டும் தாயும் மகனும் தனிய. அதுக்குள்ள நான் தலை போடுறதில்லை.

கொட்டாஞ்சேனைப் பையன்:
மகன்மாருக்கு முதுகெலும்பு இல்லன்னு எழுதுறது லேசு. அக்காமார் ரெண்டு பேரும் கனடா. இங்க அம்மாவும் நானும்தான். நான் விரும்புற பொண்ணப் பத்தி சொன்ன நாள்லருந்து அம்மா சரியா சாப்பிடல. என் கல்யாணம் குழம்பணும்னு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார்ட்ட நேர்த்தி வச்சாங்க. அவருக்கே தலை சுத்தியிருக்கும்.

ஒரு ராத்திரி, "நீ போனா நான் உயிரோட இருக்க மாட்டேன்"னாங்க. மிரட்டல்னு விட்டுட மனசு வரல. மனநல உதவிக்கு 1926-ன்னு நம்பர் இருக்கு, அதுக்கு அடிச்சுப் பேசினேன். அப்புறம் அம்மாவ டாக்டர்ட்ட கூட்டிப் போனேன். மனச்சோர்வுன்னு மருந்து எழுதினாரு. அப்பா செத்ததுலருந்தே இருந்திருக்கணும்னாரு. நாங்க எல்லாரும் அத பாசம்னுதான் நெனச்சிட்டு இருந்தோம்.

மாமா ஒருத்தர், அம்மா கையெழுத்து இல்லாம ரெஜிஸ்டர் பண்ண ஏலாதுன்னு பயமுறுத்தினாரு. சும்மா கதை. 18 தாண்டினவங்களுக்குப் பெத்தவங்க சம்மதம் தேவையில்ல. ஆனா நான் அம்மாட்ட சொல்லிட்டுத்தான் கல்யாண நோட்டீஸ் குடுத்தேன். "சரி"ன்னும் சொல்லல, "வேணாம்"னும் சொல்லல.

வெள்ளவத்தைக்காரி:
தம்பி, கலியாணத்துக்குப் பிறகு எங்க இருக்கப் போறியள்?

கொட்டாஞ்சேனைப் பையன்:
பக்கத்துத் தெருல வாடகைக்குப் பாத்திருக்கோம் அக்கா. ராத்திரிச் சாப்பாடு அம்மா கூட. ஆனா வீட்டுச் சாவியில ஒண்ணு அம்மாட்ட குடுக்கக் கூடாதுன்னு அவ கண்டிஷன் போட்டிருக்கா. அத அம்மாட்ட நானே சொல்லணும்னும் சொல்லிட்டா. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு சொல்லலாம்னு இருக்கேன்.